‘வரமாட்டேன்’னு அழுத்த ஆளில்ல

ஹேன்போன்ல ஆப் செய்யற வேலையில, ஆப் செய்யறது ஆறு மாச வேல, நம்ம ஆளுங்க விரலு எங்க போய் அழுத்தும்னு கண்டுபுடிக்கறது ஆயுசு பூரா வேல.

அம்மாவுக்கு வாட்சப் சொல்லிக் குடுக்க உக்காந்து பாதியில எந்திரிச்சு ஓடுனவங்க, கவுண்டர்ல நின்னு “நெக்ஸ்ட் அழுத்துங்கம்மா, நெக்ஸ்ட்டு, ஐயோ அது பேக்கு”ன்னு தொண்ட கிழிஞ்சவங்க, சித்தப்பா போன்ல எழுத்த பெருசு பண்ணி விட்டதுக்கு “என் போன கெடுத்துட்டான்”னு பேரு வாங்குனவங்க, எல்லாரும் நம்ம கூட்டம்தான். கொஞ்சம் தள்ளி உக்காருங்க. என் கதய கேட்டா உங்க கத பரவால்லன்னு தோணும்.

நான் டிசைனர் ஆனது

நான் ஃபாரம் த்ரீயோட பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்புடு போட்டவன். சிங்கப்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், உலு திராம்ல ஒரு ஹேன்போன் கடையில ஆறு வருசம் கண்ணாடி ஒட்டிக்கிட்டிருந்தேன். ஒரு நாளு ஒரு ஆன்ட்டி, போன்ல டார்ச் லைட்டு எரியுது, அணைக்கத் தெரியல, அப்படியே துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்துட்டாங்க. “மேல இருந்து இழுங்க ஆன்ட்டி”ன்னு பத்து தடவ சொன்னேன். அவங்க போன மேல தூக்கறாங்க. சரின்னு, சிங்கப்பூர்ல வேல செய்யற அவங்க மவன் குரல்ல, மூக்காலயே சொன்னேன்: “மா, நான் ஒர்க்ல இருக்கேன் மா, மேலருந்து கீழ இழு மா, சீக்கிரம் லா.” ஒரே இழுப்பு. லைட்டு அணஞ்சிருச்சு. “இத முன்னாடியே சொல்றதுக்கென்ன”ன்னு திட்டிட்டுப் போனாங்க.

அவங்களுக்குப் பின்னால நின்ன ஒருத்தரு வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாரு. அவருதான் தினேஷ். பெரிய படிப்பு. ஸ்கூடாய்ல ஒரு டோபி கடைக்கு மேல ரூம் எடுத்து ஆப் கம்பெனி ஆரம்பிச்சிருந்தாரு. என்னையும் கூட்டிக்கிட்டாரு. என் வேலைக்கு நீளமா ஒரு இங்கிலீஸ் பேரு வெச்சாரு, இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது முழுசா சொல்ல வராது. “பாஸ், என்னையப் போயி ஏன் எடுத்தீங்க”ன்னு கேட்டேன். என் தோள்ல கைய போட்டு பாசமா சொன்னாரு: “மணி, நாங்க செய்யறது ஒருத்தருக்கும் புரிய மாட்டேங்குது. உனக்கே புரியற மாதிரி செஞ்சிட்டா ஊருக்கே புரியும் லா.”

செடெனாக் கல்யாணம்

பாஸோட யோசன நல்ல யோசனதான், நான் பொய் சொல்லமாட்டேன். கல்யாணத்துக்கு கார்டு அடிக்கறோம், வீடு வீடா ஏறி எறங்கறோம், கடைசியில எத்தன பேரு வருவாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒண்ணு சோறு மிஞ்சி கொட்டணும், இல்ல பத்தாமப் போவும். அதுக்கு ஒரு ஆப். அழைப்பு போன்லயே போவும், வர்றவங்க ஒரு பட்டன அழுத்துவாங்க, கணக்கு சமையல்காரருக்குப் போவும். முடிஞ்சிச்சு.

மொத ஆளா மாட்னவரு செடெனாக் கோவிந்தசாமி அங்கிள். பாஸ் அம்மாவுக்குத் தெரிஞ்சவரு. லாரி ஓட்டறவரு. பேசறதே மலை ஏற்றத்துல ரெண்டாவது கியர்ல லாரி போற மாதிரி இருக்கும், “ர்ர்ர்... தம்பி... வாப்பா... ர்ர்ர்...” மூத்த பொண்ணுக்கு ஸ்கூடாய்ல மண்டபம் புடிச்சிருந்தாரு. ரெண்டு வீட்டு ஆளுங்க பேரும் ஒரு பள்ளிக்கூட நோட்டுல எழுதி வெச்சிருந்தாரு, முன்னூத்தி எண்பது குடும்பம். அவரு எங்கள நம்புனதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அவரு தம்பி கல்யாணத்துல ரெண்டாம் பந்தியிலயே சோறு தீந்து, பொண்ணு வீட்டு ஆளுங்க பட்டு வேட்டியோட ரோட்டோரக் கடையில உக்காந்து மீ கோரெங் சாப்ட்டுப் போயிருக்காங்க. இருவது வருசம் ஆச்சு. இன்னிக்கும் அந்தத் தம்பி வீட்ட ‘மீ கோரெங் வீடு’ன்னுதான் சொல்றாங்களாம். அந்த தம்பி பொண்டாட்டி இப்ப எந்தக் கல்யாணத்துக்கும் போறதில்லயாம்.

நோட்ட என் கையில குடுக்கறப்ப அங்கிள் கண்ணு கலங்கியிருந்துச்சு: “தம்பி, மேளம் சரியில்லன்னாலும் பரவால்ல, மைக்கு வேல செய்யலன்னாலும் பரவால்ல. சோறு பத்தலங்கற பேச்சு மட்டும் எம்பொண்ணு காதுல விழக்கூடாது.”

ரெண்டே ரெண்டு பட்டன்

எனக்குப் புரியற மாதிரிதானே செய்யணும்? செஞ்சேன். பச்ச பட்டன், ‘வருவேன்’. செவப்பு பட்டன், ‘வரமாட்டேன்’. ரெண்டும் அதிரசம் சைஸு. கண்ணாடி போடாதவங்களுக்கும் தெரியும். எங்க புரோகிராமர் வெய் லூன், குலாய்க்காரன், சீனப் பையன், ஆனா தமிழ் நல்லா புரியும், மலாய் கலந்து பேசவும் பேசுவான். அவனே பாத்துட்டு, “இதுக்கு மேல ஈசியா செஞ்சா போன் தானா அழுத்திக்கும்”னான். முன்னூத்தி எண்பது பேருக்கும் அனுப்பிட்டு, ஒரு வாரம் காத்திருந்தோம். தொறந்து பாத்தவங்க முன்னூத்தம்பது. அழுத்துனவங்க பதினோரு பேரு.

லைனு இல்லயோன்னு நெனச்சு உலு திராம்ல இருக்கற கமலா ஆன்ட்டி வீட்டுக்கே போயி உக்காந்தேன். அங்கிளுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. போன தொறந்தாங்க, படத்தப் பாத்தாங்க, “அய், பொண்ணு அழகா இருக்கா”ன்னாங்க. விரலு பச்ச பட்டன்கிட்ட போச்சு. நான் மூச்சப் புடிச்சேன். விரலு நின்னுருச்சு. “ஏன் ஆன்ட்டி?” “அழுத்திட்டு, அன்னிக்குப் பாத்து உடம்புக்கு ஒண்ணு வந்துட்டா? குடுத்த வாக்கு தப்புன மாதிரி ஆயிடாதா?” சரி, வர்றது சந்தேகம்னா இப்போதைக்கு செவப்ப அழுத்திடுங்கன்னேன். சுடற தோசக்கல்லுல பட்ட மாதிரி கைய இழுத்துக்கிட்டாங்க. போன அப்படியே மேசமேல கவுத்து வெச்சிட்டு என்ன ஒரு பார்வ பாத்தாங்க: “நல்ல காரியத்துக்கு வரமாட்டேன்னு என் கையால அழுத்தச் சொல்றியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?”

மூணாவது பட்டன்

அன்னிக்கு பஸ்ல வர்றப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு. நம்ம ஊர்ல கல்யாணத்துக்குக் கூப்ட்டா யாரு வருவேன்னு சொல்றாங்க, யாரு வரமாட்டேன்னு சொல்றாங்க? எல்லாரும் சொல்றது ஒண்ணே ஒண்ணுதானே? நேரா ஆஃபிஸ் வந்து வெய் லூனப் புடிச்சு நடுவுல மஞ்ச பட்டன் ஒண்ணு வெக்க வெச்சேன். ‘பார்க்கலாம்’. மூணே நாள்ல இருநூத்தி தொண்ணூறு பேரு அழுத்திட்டாங்க. பாஸ் எங்களுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் குடுத்தாரு. நான் ரெண்டு நாளு தேர்தல்ல ஜெயிச்ச ஒய்.பி. மாதிரி கைய பின்னால கட்டிக்கிட்டுத்தான் நடந்தேன்.

மூணாவது நாளு வெய் லூன் வந்து, இந்த மஞ்சளுக்கு கம்ப்யூட்டர்ல என்ன நம்பர் போடறதுன்னு கேட்டான். நான் எந்திரிச்சு நின்னு பாடம் எடுத்தேன். சிரிச்சிக்கிட்டே “பாக்கலாம் லா”ன்னா, வருவாங்க. காலண்டரப் பாத்துக்கிட்டே “பாக்கலாம்”னா, பாதி பேரு வருவாங்க. பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துட்டு “பாக்கலாம்”னா, அந்தம்மா முடிவு. “கண்டிப்பா பாக்கலாம்”னு கையப் புடிச்சு அழுத்துனா, கனவுல கூட வரமாட்டாங்க. ஒவ்வொண்ணையும் நடிச்சே காட்டுனேன். பாஸ் சிரிச்சு கண்ண தொடச்சாரு. வெய் லூன் மட்டும் ரொட்டிய மெல்லறத நிறுத்திட்டு கேட்டான்: “மச்சான், நடிப்பு பாகுஸ், ரொம்ப நல்லாருக்கு. ஆனா போன்ல மூஞ்சி தெரியாது இல்ல? இந்த இருநூத்தி தொண்ணூறும் மக்கானா, தாக் மக்கானா, சாப்பிடுமா, சாப்பிடாதா?”

ரெண்டு கை

அதுக்குள்ள உறவுக்குள்ள சலசலப்பு. தட்டு வெக்கல, குங்குமம் குடுக்கல, லிங்கு அனுப்பறாங்களாம்னு. அதுல பெரிய கோவக்காரரு அங்கிளோட பெரியப்பா மவன் முத்துவேலு ஐயா. ஸ்கூடாய்லதான் வீடு. அவர சமாதானப்படுத்த அங்கிளோட சம்சாரம் சரோஜா ஆன்ட்டியும் நானும் போனோம். வெத்தல, பாக்கு, பழம், பூ, தட்டுக்கு நடுவுல ஹேன்போனு. அழைப்பு தொறந்தே இருக்கு. இதுதான் என் யோசன. பழசுக்குப் பழசு, புதுசுக்குப் புதுசு.

ஐயா உள்ள போயி சட்ட போட்டுக்கிட்டு வந்தாரு. தோள்ல துண்டு. கெழக்க பாத்து நின்னாரு. குனிஞ்சு, பயபக்தியா, ரெண்டு கையாலயும் போன வாங்குனாரு. அங்கதான் நான் செத்தேன். ரெண்டு கையால வாங்குனா ரெண்டு கட்ட விரலும் எங்க போவும்? கீழ, ரெண்டு ஓரத்துல. எங்க பட்டன் எங்க இருக்கு? கீழ, ரெண்டு ஓரத்துல. ஆஃபிஸ்ல நாங்க நூறு தடவ டெஸ்ட் பண்ணோம், எல்லாம் ஒரே கையில, கோப்பி குடிச்சிக்கிட்டே. ஐயாவோட எடது விரலு மொதல்ல பட்டுருச்சு. செவப்பு. உடனே போன்ல சோக வீணை ஒலிச்சு, வாடுன பூ ஒண்ணு தலைய தொங்கப் போட்டு, “தாங்கள் வர இயலாததற்கு வருந்துகிறோம்”னு வந்துச்சு. ஐயா அத எழுத்துக் கூட்டி சத்தமா படிச்சாரு. சரோஜா ஆன்ட்டி முந்தானையால வாய மூடிக்கிட்டாங்க. ஐயா என்னையப் பாக்கவே இல்ல, அவங்கள பாத்துதான் கேட்டாரு: “ஏம்மா சரோஜா, தட்டு வெச்சு வீட்டுக்கு வந்து வராதன்னு சொல்றது எந்த ஊரு மொறம்மா?”

தல எண்ணிக்க

பட்டன எல்லாம் மேல தூக்கி வெச்சோம். இப்ப அடுத்த வியாதி. ‘எத்தனை பேர்?’னு ஒரு கட்டம் இருக்கு, அதுல எல்லாரும் ஒண்ணுன்னே வெச்சிருக்காங்க. வருவேன்னு சொன்ன நாப்பது பேருமே ஒத்த ஆளாம். ஸ்கூடாய்ல ஒரு குடியிருப்பு தாமான்ல இருக்கற பரிமளம் அக்காவ எனக்குத் தெரியும், ஆறு புள்ள, மாமியாரு, கொழுந்தன், சாப்பாட்டு நேரத்துல, தோட்டத்துல ஆளு கூட்டி பேரு கூப்பிடற பெரட்டுக் களம் மாதிரி இருக்கும் அந்த வீடு. அவங்களும் ஒண்ணு. கட்டம் புரியலயாக்கும்னு போயி, “அக்கா, இங்க கூட்டல் குறிய அழுத்துனா நம்பர் ஏறும்”னு காட்டிக் குடுத்தேன். அக்கா கதவ லேசா சாத்திட்டு, குரல எறக்கி சொன்னாங்க: “எல்லாம் தெரியும் தம்பி. எம்வீட்ல எத்தன தல இருக்குன்னு ஊரு பாக்க எண்ணிப் போடச் சொல்றியா? போன மாசம்தான் பெரியவனுக்கு சுத்திப் போட்டேன்.”

அங்கிள் குரல்

கல்யாண வாரம் வந்திருச்சு. ஞாயித்துக்கெழம கல்யாணம். சமையல்காரரு குலாய் ராமு அண்ணனுக்கு புதன்கெழம சாயங்காலம் நம்பர் சொல்லியாவணும், காய்கறிக்கு ஆர்டர் குடுக்கணும். ஆப்ல பச்ச நாப்பத்தொண்ணு, செவப்பு ரெண்டு, அந்த ரெண்டும் ரெண்டு கையால வாங்குனவங்க. மஞ்ச இருநூத்தி தொண்ணூறு. திங்கக்கெழம செடெனாக் போனா அங்கிளுக்குத் தொண்ட போயிருச்சு. ஆப்பு வேலைக்காவலன்னு பாதி சொந்தத்த அவரே வீடு வீடா ஏறி கூப்ட்டிருக்காரு, பாதியில குரலு சுத்தமா நின்னுருச்சு. வெறும் காத்துதான் வருது. இன்னும் இருநூறு வீடு பாக்கி. தலையில கைய வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவர சிரிக்க வெக்கலாம்னு அவரு மாதிரியே பேசிக் காட்டுனேன், “ர்ர்ர்... தம்பி... சோறு பத்துமாப்பா... ர்ர்ர்...” சத்தமே இல்லாம குலுங்கிச் சிரிச்சாரு. அப்பறம் சிரிப்ப நிறுத்துனாரு. அவரோட ஹேன்போன எடுத்து என் கையில வெச்சு, நோட்ட தொறந்து, விரலால தொட்டுக் காட்டுனாரு. கூப்டு.

ரெண்டு நாளு கூப்ட்டேன். “ர்ர்ர்... நான் கோயிந்தன் பேசறேன்... நேர்ல வர முடியல, மன்னிச்சிக்கணும்... எம்பொண்ணு கல்யாணம்... குடும்பத்தோட வந்து சாப்ட்டுத்தான் போவணும்...” யாரும் பார்க்கலாம்னு சொல்லல. “அண்ணே, நீங்களே கூப்ட்டதுக்கப்பறம் என்ன லா, வரோம்.” “மாமா, உங்க குரல கேட்டு எத்தன வருசமாச்சு.” ஒரு பாட்டையா அழுதுட்டாரு. பக்கத்துல உக்காந்து அங்கிளும் கண்ண தொடச்சிக்கிட்டாரு. எனக்கு ஒரு பக்கம் பெரும, ஒரு பக்கம் மாட்டிக்குவேனோன்னு பயம். செவ்வாக்கெழம சாயங்காலம் அங்கிளோட மச்சான் வீட்டு நம்பரு. எடுத்தது யாருன்னு கூடக் கேக்கல. நான் “ர்ர்ர்... மச்சான்...”னு ஆரம்பிச்சேன். அந்தப் பக்கம் சரோஜா ஆன்ட்டி. தட்டெடுத்துக்கிட்டு அங்க போயிருந்தாங்க, அவங்களுக்கு இந்த விஷயம் தெரியாது. அமைதியா கேட்டாங்க: “எம்புருசனுக்கு மூணு நாளா குரலே இல்ல. நீ யாருடா?”

எழுநூறு

புதன்கெழம சாயங்காலம் அங்கிள் வீட்டு முன்னால பிளாஸ்டிக் நாக்காலி போட்டு உக்காந்தோம். ராமு அண்ணன் வந்தாரு, நம்பர் என்னன்னாரு. பாஸ் லேப்டாப்ப தொறந்தாரு. மஞ்சள்ல பாதி, ஒரு வீட்டுக்கு மூணு பேரு, அப்பிடி இப்பிடின்னு அறுநூத்தி நாப்பதுன்னாரு. ராமு அண்ணன் லேப்டாப்ப எட்டிக்கூடப் பாக்கல. “ஆளு விட்டு கூப்ட்டீங்களா, வீட்டுக்காரரே கூப்ட்டாரா?”ன்னு மட்டும் கேட்டாரு. “அவரு குரல்ல நான் கூப்ட்டேண்ணே”ன்னேன். அவரு சிரிக்கல. “அப்ப எண்ணூத்தம்பது போட்டுருவோம்”னாரு.

அங்க நான் வாய மூடியிருக்கணும். மூடல. போன்ல வரேன்னு சொல்றதெல்லாம் போன்ல சொல்றதுதான், வாய் வார்த்த, மூணுல ஒருத்தரு வரமாட்டாங்க, எனக்குத் தெரியாதாண்ணே, ஆறு மாசமா இதே வேலயா இருக்கேன், எழுநூறு போதும், மிஞ்சுனா கொட்டறதுக்கு மனசு வராதுன்னேன். பெரிய கெட்டிக்காரன் மாதிரி கால் மேல கால் வேற. ராமு அண்ணன் அங்கிளப் பாத்தாரு. அங்கிள் அவரப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. அப்பறம் அந்த காத்துக் குரல்ல, ஒவ்வொரு வார்த்தையா சொன்னாரு: “இருநூறு வீட்டுக்கும் பேசுனது இவன்தான். அவங்க மனசு இவனுக்குத்தான் தெரியும். எழுநூறே போடுங்க.”

ஞாயித்துக்கெழம

பத்து மணிக்கு மண்டபத்து வாசல்ல நின்னேன். மொதல்ல காரு வந்துச்சு. அப்பறம் வேனு வந்துச்சு. அப்பறம் செடெனாக்லேருந்து ஒரு பஸ்ஸே வந்துச்சு, தோட்டத்துல இருந்த பழைய லயத்து ஆளுங்க எல்லாம் சேந்து புடிச்சிக்கிட்டு வந்திருக்காங்க. பரிமளம் அக்கா பின்னால ஒம்போது பேரு. கமலா ஆன்ட்டி ரெண்டு காரு, பக்கத்து வீட்டு ஆளுங்களோட. சிங்கப்பூர்ல ஷிஃப்டு முடிச்சு பாலத்து ஜாம்ல ரெண்டு மணி நேரம் நின்னு, தூக்கக் கலக்கத்தோட நேரா மண்டபத்துக்கு வந்தவங்க வேற. எல்லாரும் அங்கிள் கையப் புடிச்சு சொல்றது ஒரே வார்த்த, “நீங்களே கூப்ட்டீங்க, எப்படி வராம இருக்கறது?” அங்கிள் குரல் இல்லாம கும்புட்டு கும்புட்டு தலையாட்டறாரு. ஒவ்வொரு தடவயும் அவரு கண்ணு என்னையத் தேடுது. நான் வாழமரத்துக்குப் பின்னால நின்னேன்.

மொத பந்தி எந்திரிச்சப்ப ரெண்டாம் பந்திக்கு நாக்காலி புடிக்க கைக்குட்ட போட்டு வெச்சிட்டாங்க. ரெண்டாம் பந்தி பாதியில வெய் லூன் தலைய எண்ணிக்கிட்டு வந்தான், எண்ணூத்தி எண்பதுன்னான், அதுக்கப்பறம் வெளிய பாத்துட்டு எண்ணறத விட்டுட்டான். மாப்ள வீட்டு ஆளுங்க பாதி பேரு இன்னும் உக்காரவே இல்ல. மூணாம் பந்திக்கு எல போடறப்ப ராமு அண்ணன் சமையக்கட்டுலேருந்து என்ன விரலால கூப்ட்டாரு. அண்டாவ சாச்சுக் காட்டுனாரு. அடி தெரிஞ்சிச்சு. கோவமே இல்லாம சொன்னாரு: “வாழக்கா முடிஞ்சிச்சு, கூட்டு முடிஞ்சிச்சு, பாயாசம் அர வாளி. இனிமே வர்றவங்களுக்கு உன் ஹேன்போனத்தான் தம்பி எலையில வெக்கணும்.”

கடைசி பந்தி

அதுக்கப்பறம் என்ன செஞ்சேன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்ல. ராமு அண்ணன் புதுசா ஒல வெச்சாரு. ரசத்துல தண்ணி ஏறுச்சு. வெய் லூன் மோட்டார்ல, நான் பின்னால, அந்த ஏரியாவுல இருக்கற ரெண்டு சைவக் கடையிலயும் இருந்த சாம்பார், பொரியல், தயிரு, எல்லாத்தையும் பக்கெட்டோட தூக்கிட்டு வந்தோம். பாஸ் பெரிய படிப்பு படிச்சவரு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அப்பளம் பொரிச்சாரு. நான் மைக்கப் புடிச்சு, மாப்ள வீட்டு சொந்தம் எல்லாரும் மொதல்ல மேடைக்கு வந்து போட்டோ எடுத்துக்கணும்னு அரை மணி நேரம் கத்தி இழுத்தேன். பந்திக்குப் பந்தி கறி மாறுச்சு, ஆனா எல எதுவும் காலியா போவல. மாப்ளையோட அப்பா கையக் கழுவிட்டு, “ரசம் நல்லாருக்கு”ன்னாரு. நான் செவுத்துல சாஞ்சிட்டேன்.

எல்லாம் முடிஞ்சு மூணு மணிக்கு மேல பொண்ணு வீட்டுக்காரங்க உக்காந்தாங்க. அங்கிளு, சரோஜா ஆன்ட்டி, ஆன்ட்டியோட தம்பி. எல போட்டாச்சு. உப்பு வெச்சாச்சு, ஊறுகா வெச்சாச்சு. நான் அண்டாவ சொரண்டிப் பாத்தேன், அடியில ஒட்டுன கருகல்தான். அந்த நேரம் பாத்து கல்யாணப் பொண்ணு மாலையோட வந்து எட்டிப் பாக்குது. “அப்பா, சாப்ட்டீங்களா?” அங்கிள் சட்டுனு எலைய மடிச்சாரு. மேல்புறத்த கீழ்புறமா, மொறையா, சாப்ட்டு முடிச்சவங்க மடிக்கற மாதிரியே. வயித்தத் தடவிக் காட்டி சிரிச்சாரு. ஆன்ட்டியும் மடிச்சாங்க. அவங்க தம்பி ஒரு நிமிசம் முழிச்சிட்டு அவரும் மடிச்சாரு. பொண்ணு சிரிச்சிக்கிட்டே போயிருச்சு.

ஆறு வருசம் கடையில, அதுக்கு மேல ஆஃபிஸ்ல, ஊரு பூரா பேரு குரல்ல பேசுனவன், என் குரல்ல ஒரு மன்னிப்பு கேக்கத் தெரியல. அங்கிள் கையக் காட்டி என்னையக் கிட்ட கூப்ட்டாரு. தொண்டையில இருந்த கடைசி காத்தையும் சேத்துப் புடிச்சு சொன்னாரு: “சாப்பிடாதது மூணே பேருதான் தம்பி. மூணும் ஒரே வீடு. வெளிய தெரியாது, நீ அழுவாத.”

அத்தன பட்டன், அத்தன கலரு, அத்தன நாளு டெஸ்ட்டு, எல்லாம் போட்டு நாங்க செஞ்ச ஆப்ல, தப்பே இல்லாம எங்களுக்குக் கெடச்ச ஒரே கணக்கு அந்த மூணுதான், அதையும் அழுத்திச் சொல்ல அங்க ஒரு பட்டன் இல்ல.